412 மணி நேரம், 46,061 ரூபாய்: எங்கள் பாய் வியாபாரத்துக்கு நானே இணையதளம் கட்டிய கதை

எங்கள் வீட்டு வரவுசெலவு நோட்டின் கடைசியில் "வெப்சைட்" என்று தலைப்பிட்ட நான்கு பக்கங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் மணி நேரம். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதியவள் நான். எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். 2021 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை உள்ளதைக் கூட்டினால் 46,061 ரூபாயும் 412 மணி நேரமும் வருகிறது. பழைய லேப்டாப் ஒன்று 17,000 ரூபாய்க்கு வாங்கினேன், அது இந்தக் கணக்கில் இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே என் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் முக்கால் பங்கு மிச்சமாகியிருக்கும். எங்கள் ஊரான பத்தமடையில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தமடைப் பாயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோரையை அறுத்துக் காயவைத்து, கிழித்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ நீளவாக்கில் பாவாக இழுத்துக் கட்டி அதில் நெய்வது. மெல்லிய பட்டுப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயர்களையும் தேதியையும் சேர்த்து நெய்து தருவது எங்கள் ஊர் வழக்கம். என் உம்மா இருபது வருடமாக அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பாய் நெய்து வாங்கி விற்கிறார். 2020 ஊரடங்கில் என் வேலை போனது. நானும் உம்மாவோடு சேர்ந்துகொண்டேன். தேடி வருகிறவர்கள் வீட்டுக்கே வருவார்கள், மற்றவர்கள் போனில் பேசுவார்கள். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் மட்டும் "உங்களுக்கு வெப்சைட் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும் பேச்சில் ஒரு தயக்கம் தெரியும். அந்தத் தயக்கத்தைப் போக்கவேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

முதலில் நான் கற்கப் போகவில்லை, ஆளைத் தேடித்தான் போனேன். திருநெல்வேலியில் ஒரு சிறிய நிறுவனம் 18,000 ரூபாய் சொன்னது. முன்பணமாக 12,000 கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து 2021 நவம்பரில் தளம் வந்தது. பார்த்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "இது யார் வீட்டுப் பாய்?" என்பதுதான். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த படங்களைப் போட்டிருந்தார்கள். தமிழில் கொடுத்திருந்த விவரமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கலாக நின்றது. படங்களை மாற்றவைக்க ஒரு மாதம் அலைந்தேன். தமிழைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள், ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம். ஆனாலும் எங்களுக்கென்று இணையத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் மீதி 6,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரோடு 2,600 ரூபாய்க்கு விசிட்டிங் கார்டு அச்சடித்து, அனுப்புகிற பாய் ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செருகி அனுப்பினோம்.

அடுத்த வருடம் புதுப்பிக்க 9,500 ரூபாய் கேட்டார்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை. பில் கேட்டேன். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. அப்போதுதான் முதல் பாடம் புரிந்தது: இணையதளத்தின் முகவரியான டொமைன் என்பது ஒன்று, அந்தத் தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் இடம் வேறொன்று. இரண்டையும் தனித்தனியாக வருட வாடகைக்கு எடுக்கிறோம். எந்தக் கணக்கில், எந்த மின்னஞ்சலில், எந்த போன் எண்ணில் டொமைன் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஆள்தான் அதை ஆளமுடியும். எங்கள் கடைப் பெயர் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. என்னிடம் இருந்ததோ பணம் கட்டிய ரசீது மட்டும்.

டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். கணக்கு வைத்திருப்பவர் சொன்னால் மட்டுமே எதையும் செய்ய முடியும் என்று பதில் வந்தது. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் உடனே அழிந்துவிடுவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் உண்டு. பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். இந்த வாய்ப்புகள் எல்லாம் கணக்கு உரியவருக்குத்தான். நான் அந்த நாட்களை நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தேன், வெளிச்சந்தைக்கு வந்ததும் எடுத்துவிடலாம் என்று. எனக்கு முன்பே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த முகவரியில் ஒரு சூதாட்டத் தளம் வந்து நின்றது. எங்கள் கார்டு எத்தனையோ கல்யாண வீடுகளில் கிடக்கிறது. மேலப்பாளையத்து வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "என்னம்மா இது, உங்கள் பக்கத்தைத் திறந்தால் சீட்டாட்டம் வருகிறதே?" என்று கேட்டபோது என்னால் பேச முடியவில்லை. அன்றிரவு உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மீதியிருந்த கார்டுகளை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆகவே, வேறு ஆளிடம் தளம் கட்டக் கொடுப்பவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். டொமைனை நீங்களே உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் பணத்தில் வாங்குங்கள். பத்து நிமிட வேலை. டாட் காம் பெயருக்கு வருடம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். முதல் வருடம் மட்டும் நூறு, இருநூறு என்று விளம்பரம் செய்வார்கள், இரண்டாம் வருட விலை என்ன என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கட்டித் தருகிறவருக்கு அணுகல் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வேறு ஒருவர் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஓர் அங்கீகாரக் குறியீடு கேட்டு வாங்கவேண்டும். புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்த கையோடு "லோகோ செய்து தருகிறோம்" என்று முன்பின் தெரியாதவர்கள் அழைக்கத் தொடங்கினால் பயப்படவேண்டாம். உங்கள் விவரம் பொதுப் பதிவேட்டில் தெரிகிறது என்று பொருள். அதை மறைக்கும் வசதியைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன.

இனி யாரையும் நம்பி இருப்பதில்லை என்று முடிவெடுத்து, 2023 ஜனவரியில் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். 14,000 ரூபாய், பன்னிரண்டு வாரம், சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம். பஸ் ஏறிப் போய்வருகிற நேரத்தை நான் கணக்கில் எழுதவில்லை. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பக்கத்தை அட்டவணைக் கட்டங்களாகப் பிரித்து அமைப்பது, எழுத்தை ஓடவிடுவது என்று இப்போது யாரும் செய்யாத வேலைகளில் எட்டு வாரம் போனது. போன் திரையில் எப்படித் தெரியும் என்ற பேச்சே எழவில்லை. கடைசி நாளில் சான்றிதழ் தந்தார்கள். இணையத்தில் ஒரு பக்கத்தைக்கூட ஏற்றிப் பார்க்காமலே வகுப்பு முடிந்தது. அந்த 72 மணி நேரம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்ற பயம் போயிற்று. ஆனால் அதே பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே வேண்டுமென்றால் கணியம் இதழ் பல வருடங்களாக எளிய தமிழில் கணினிப் பாடங்களை இலவசமாக வெளியிடுகிறது. அதை முதலில் யாராவது காட்டியிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டிருக்கிறேன். பணம் கட்டிச் சேர்வதென்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வகுப்பு முடியும்போது என் சொந்தப் பெயரில் ஒரு தளம் இணையத்தில் இருக்குமா?" இல்லை என்றால் சேரவேண்டாம்.

ஏப்ரலில் புதிய பெயர் ஒன்றும் ஹோஸ்டிங்கும் வாங்கினேன். மாதம் 149 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த விலை மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும்தான் என்பது கட்டணப் பக்கத்தில்தான் தெரிந்தது. 36 மாதத்துக்கு 5,364. அதோடு பாதுகாப்புச் சான்றிதழ் 1,999, தளப் பாதுகாப்பு 1,200, மின்னஞ்சல் 1,000 என்று மூன்று பெட்டிகளில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். தேவையான பொருள்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். கூட்டினால் 9,563, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,721. ஆக 11,284 ரூபாய் ஒரே சொடுக்கில் போனது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் வரத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. காலாவதியாகும் முன் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன, எங்கள் நிறுவனம் உட்பட. அந்த வசதி கட்டுப்பாட்டுப் பலகத்தில் நான்காவது வரியில் இருந்ததை ஐந்து மாதம் கழித்துக் கண்டேன். எங்களைப் போன்ற சிறு வியாபாரத்துக்கு ஒரு வருடம் மட்டும் எடுத்துப் பார்ப்பதே போதும். டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தேவை என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

தளத்தை வேர்ட்பிரஸில் கட்டினேன். 2003-இல் வந்த இலவச மென்பொருள் அது, உலகிலுள்ள தளங்களில் ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. அதிலும் ஒரு குழப்பம் உண்டு. டாட் காம் என்று முடியும் இடம் நீங்கள் வாடகைக்குக் குடியேறுகிற இடம். டாட் ஆர்க் என்று முடியும் இடத்தில் மென்பொருளை இலவசமாக எடுத்துவந்து உங்கள் ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவதில் மூன்று வாரம் செலவழித்த பிறகே தெரிந்துகொண்டேன். வீடியோ பார்த்துக் கற்றதற்கு மட்டும் 130 மணி நேரம் எழுதியிருக்கிறேன். மகன் தூங்கிய பிறகு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு ஆகும். வீடியோவில் இருக்கும் திரையும் என் முன்னால் இருக்கும் திரையும் ஒத்துப்போகாது, அவர்கள் காட்டும் பொத்தான் என்னிடம் இருக்காது. அழுத நாட்கள் உண்டு. பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வெளியான தேதியைப் பார்த்து, ஒரு வருடத்துக்கு உட்பட்ட வீடியோவை மட்டும் பார்ப்பது, பார்க்கும்போதே செய்வது. செய்யாமல் பார்த்த எதுவும் மறுநாள் நினைவில் நிற்கவில்லை.

தமிழில் தளம் கட்டுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் நிறுவனம் போட்ட கிறுக்கலுக்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. நான் கொடுத்தது டிடிபி கடையில் அடித்து வாங்கிய நோட்டீஸின் கோப்பு. அச்சுக்கூடங்களில் பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிப்பார்கள். அதில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களின் எண்கள்தான், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன, எந்த போனிலும் தெரியும். பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முடியாது என்று அவர்கள் சொன்ன வேலை இரண்டு நிமிட வேலை. நான் தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டேன், பத்து நாளில் கை வந்தது.

அடுத்தது எழுத்துரு. தளத்துக்குத் தோற்றம் கொடுக்கும் ஆயத்த வடிவமைப்பான தீமில் அழகாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை. ஒவ்வொரு போனும் தன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்தை எடுத்துப் போட்டுக்கொள்ள, உம்மாவின் போனில் ஒரு மாதிரி, என் போனில் ஒரு மாதிரி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை வைத்தால் எல்லாத் திரையிலும் ஒன்றுபோல் வரும். வரி இடைவெளியையும் கூட்டவேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் நம் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படுகின்றன. பொத்தான்களிலும் நம் சொற்கள் நீளமாகிப் பிதுங்கும், "கூடையில் சேர்க்கவும்" என்பதை "வாங்க" என்று சுருக்கினேன்.

பக்க முகவரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும், அதாவது எழுத்துக்கும் துணையெழுத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக, ஒன்பது இடம் பிடிக்கும். மொத்தம் 200 இடம்தான் உண்டு. "பத்தமடை கல்யாணப் பட்டுப் பாய் சிவப்பு" என்றும் "பச்சை" என்றும் இரண்டு பக்கம் போட்டேன். இரண்டும் "பட்டுப்" என்பதோடு வெட்டுப்பட்டு ஒரே முகவரியாகி, இரண்டாவதன் வாலில் 2 என்ற எண் ஒட்டிக்கொண்டது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நான்கு வரிக்குச் சதவீதக் குறியாக நீண்டது. அதைத் தொடப் பயந்து பலர் திறக்கவே இல்லை. இப்போது முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கிறேன், பக்கம் முழுதும் தமிழில் இருக்கிறது. பக்கத்தை வெளியிடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடவேண்டும். பின்னால் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகலாம்.

இவையெல்லாம் நேரத்தைத்தான் தின்றன. இனி சொல்லப் போவது மனதைத் தின்றது. கல்யாணப் பாய்க்குப் பெயர் எழுத ஒரு படிவம் வேண்டும். ஒரு வீடியோவைப் பின்பற்றி நானே பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சிறு படிவம் எழுதினேன். அது வேலை செய்த அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது! ஆங்கிலப் பெயர் போட்டுச் சோதித்தேன், சரியாக வந்தது. 2023 நவம்பரில் மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஓர் ஆர்டர், 7,500 ரூபாய் பட்டுப் பாய், பணமும் கட்டியாகிவிட்டது. படிவத்தைத் திறந்தால் பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். தேதி மட்டும் தெளிவாக இருந்தது. தரவுத்தள அட்டவணையை உருவாக்கும்போது பழைய வழக்கப்படி லத்தீன் எழுத்துக்கு மட்டும் இடம் தரும் அமைப்பில் விட்டிருந்தேன். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன் அதுதான் இயல்பான அமைப்பு. தமிழ் எழுத்து வந்ததும் அதற்கு இடமில்லாமல் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிட்டது. அமைப்பை எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யுடிஎஃப்8எம்பி4 என்று பிறகு மாற்றினாலும் போன எழுத்து திரும்பாது, ஏனென்றால் அங்கே பதிந்திருப்பதே கேள்விக்குறிதான்.

படிவத்தில் போன் எண் கேட்க நான் மறந்திருந்தேன். மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. என் தளத்திலிருந்து போன கடிதங்கள் அவர்களுக்கு வேண்டாத கடிதங்களின் பெட்டியில் கிடந்திருக்கின்றன. பதினாறு நாள் கழித்து அவர்களே "பாய் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார்கள். கல்யாணத்துக்கு இருந்த நாட்களில் பட்டுப் பாய் நெய்து முடிக்க முடியாது. பாவு போட்டு வைத்துவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்த, எங்களுக்குப் பாய் நெய்து தரும் லாத்தா (அக்கா), "பெயரை ஒரு வார்த்தை போனில் கேட்டிருந்தால் நான் இராப்பகலாக உட்கார்ந்து முடித்திருப்பேனே" என்று சொன்னார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். பணப் பரிமாற்ற நிறுவனம் எடுத்த 2 சதவீதக் கட்டணம் 150 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 27 ரூபாயும் திரும்பி வரவில்லை. நோட்டில் அந்த 177 ரூபாயை எழுதும்போது கை நின்றது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் விரிக்கவேண்டிய பாய் அது.

உங்கள் தளத்தில் வாடிக்கையாளர் எதையாவது எழுதும் இடம் இருந்தால் தமிழில், முழுப் பெயரில், "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்தோடு போட்டுச் சோதியுங்கள். சொந்தமாக நிரல் எழுதிப் பெருமைப்படும் ஆசையை ஆர்டர் படிவத்தில் காட்டாதீர்கள். பலர் பயன்படுத்தித் தேய்ந்த இலவசப் ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போன் எண்ணைக் கட்டாயக் கட்டமாக வையுங்கள். ஆர்டர் வந்ததும் தளம் அனுப்பும் கடிதம் உங்களுக்குத் தெரிந்த நான்கு பேருக்கு ஒழுங்காகப் போய்ச்சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். பணம் வாங்கும் வசதி கேட்டு விண்ணப்பிக்கும்போது பான் அட்டை, வங்கிக் கணக்கோடு, தளத்தில் பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவை இல்லாமல் என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது. உள்ளூர் வாடிக்கையாளருக்கு யுபிஐ எண்ணே போதும்.

ஒரு மாதம் தளத்தைத் தொடவில்லை. பிறகு தேறி, படிவத்தை மாற்றி, மறுபடி தொடங்கினேன். அப்போதுதான் அடுத்தது வந்தது. விலை கொடுத்து வாங்கவேண்டிய தீம் ஒன்றைத் தெரிந்த பையன் ஒருவன் பென் டிரைவில் இலவசமாகக் கொடுத்திருந்தான். 2024 பிப்ரவரியில் கூகுளில் எங்கள் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாம் எங்கள் முகவரியில். திருட்டுத் தீமுக்குள் யாரோ வைத்த வாசல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள். சுத்தம் செய்ய ஹோஸ்டிங் நிறுவனம் 8,000 ரூபாய் கேட்டது. தளப் பாதுகாப்பு என்று நான் கட்டிய 1,200 ரூபாய் எச்சரிக்கை அனுப்புவதற்கு மட்டுமாம். என்னிடம் பேக்கப், அதாவது தளத்தின் மாற்றுப் பிரதி, இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பதினொரு நாளில், 60 மணி நேரத்தில் புதிதாகக் கட்டினேன். முதல் முறை கட்ட 150 மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வித்தியாசத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வேலை தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்தது.

இப்போது வேர்ட்பிரஸ் தளத்திலேயே கிடைக்கும் இலவசத் தீம் மட்டும் வைத்திருக்கிறேன். ப்ளகின் ஆறுதான். ஞாயிறு இரவு பேக்கப் தானாக எடுத்து கூகுள் டிரைவில் சேர்கிறது, மாதம் ஒருமுறை ஒரு பிரதியை லேப்டாப்பில் இறக்குகிறேன். ஹோஸ்டிங் இருக்கும் இடத்திலேயே பேக்கப்பை வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவது போல. அதைத் திருப்பி ஏற்றத் தெரிகிறதா என்று ஒருமுறை செய்தும் பார்க்கவேண்டும். ப்ளகின் ஒன்றைப் புதுப்பித்ததும் திரை முழுதும் வெள்ளையாகப் போய்விட்டால் பதறவேண்டாம். ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளரில் அந்தப் ப்ளகின் கோப்புறையின் பெயரை மாற்றினால் அது மட்டும் செயலிழந்து தளம் திரும்பிவிடும். இதைத் தெரியாமல் ஒரு முழு இரவு விழித்திருந்தேன். படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: போனில் எடுக்கும் படம் ஐந்து எம்பி இருக்கும், அதை 150 கேபிக்குச் சுருக்கி ஏற்றுங்கள். இல்லையென்றால் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கமே திறக்காது.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் வேகமாகச் செய்தால் நூறு மணி நேரத்தில் முடிக்கலாம், முதல் வருடச் செலவு ஐந்தாயிரத்துக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. ஆனால் எல்லாருக்கும் தளம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டிலிருந்து முறுக்கு, அப்பளம் விற்கிற என் தோழிகளிடம் வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியலையும், கூகுள் வரைபடத்தில் கடைப் பெயரையும் போட்டு ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டுக்கும் காசு இல்லை. எங்களுக்குத் தளம் தேவைப்பட்டது, ஏனென்றால் ஒரு பாய் ஏன் இந்த விலை என்பதை விளக்க இடம் வேண்டியிருந்தது. கோரை ஊறுவதிலிருந்து பாவு அறுப்பது வரை படத்தோடு எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் விலை பேசுவதில்லை.

டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், பணப் பரிமாற்றம் ஆகிய நான்கின் கடவுச்சொற்களையும் கணக்கு நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், நான் இல்லாத நாளில் மகன் எடுத்துப் பார்க்கும்படி. டொமைன் புதுப்பிக்கும் தேதியை உம்மா தன் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறார். படிவத்தில் தமிழ்ப் பெயர்கள் இப்போது தெளிவாகவே வருகின்றன. இருந்தாலும் ஒவ்வொரு கல்யாணப் பாய்க்கும் நான் போன் செய்கிறேன். பெயர்களை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக வாசித்துக் காட்டி, மூன்று சுழியா இரண்டு சுழியா, சிறப்பு ழகரமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, கட்டம் போட்ட தாளில் எழுதி லாத்தாவிடம் கொடுக்கிறேன். அவர் அந்தத் தாளைத் தறிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பாவு போடுகிறார்.